லினக்ஸ் தறியில் விண்டோஸ் அட்டை

விண்டோஸுக்கென்று செய்த மென்பொருள் லினக்ஸ் கணினியில் ஓடாததன் காரணத்தை, பட்டு நெய்யும் தேவிகாபுரத்து மாணவருக்கு ஜக்கார்டு பெட்டியைக் காட்டியே சொல்லிவிடலாம். 240 கொக்கிப் பெட்டிக்குத் துளையிட்ட அட்டையை 120 கொக்கிப் பெட்டியில் மாட்டினால் பூ விழாது. தறி அதேதான், பட்டும் அதேதான். துளைகள் தேடும் கொக்கிகள்தான் அங்கே இல்லை. விண்டோஸ் மென்பொருளின் இஎக்ஸ்இ கோப்பும் அப்படி ஓர் அட்டை. அதிலுள்ள கட்டளைகள் பிராசசருக்குப் புரியும். ஆனால் சாளரத்தைத் திற, கோப்பைச் சேமி என்று அது விண்டோஸைக் கூப்பிடும்போது லினக்ஸில் பதில் சொல்ல ஆளில்லை.

லினக்ஸ் தமிழக மாணவர்களுக்குப் புதிதல்ல. 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தபின், விண்டோஸ் 11 ஏற்காத பழைய மடிக்கணினிகளுக்கு லினக்ஸே செலவில்லாத வழி.

கிராஃப் தாளில் வரைந்த டிசைன் கையில் இருந்தால் எந்தப் பெட்டிக்கும் புதிதாக அட்டை அடித்துக்கொள்ளலாம். நிரலின் மூலக் குறிமுறைதான் அந்தக் கிராஃப். பதினொன்றாம் வகுப்புப் பாடநூல் சி++ பயிற்சிக்கு டெவ் சி++ மென்பொருளைக் காட்டுகிறது. அதற்குள் வேலை செய்வது ஜிசிசி என்ற தொகுப்பி. அது லினக்ஸுக்குச் சொந்தப் பிள்ளை மாதிரி. ஆகவே பாடத்து நிரலை ஜி++ கொண்டு நேரடியாகத் தொகுக்கலாம், விண்டோஸைத் தேட வேண்டியதில்லை. பல கல்லூரிகள் இன்னும் விடாத டர்போ சி++ மட்டும் தகராறு செய்யும். அதன் கோனியோ தலைப்புக் கோப்பு லினக்ஸ் ஜிசிசியில் கிடையாது. டர்போ சி++ டாஸ் காலத்துச் சரக்கு என்பதால் டாஸ்பாக்ஸில் ஓடிவிடும்.

கிராஃபை நிறுவனம் பூட்டி வைத்திருந்தால் வைன் உதவும். 1993-இல் தொடங்கிய இந்தத் திட்டம் 1.0 பதிப்பை எட்டியது 2008-இல்தான். விண்டோஸுக்கு வரும் அழைப்புகளை வாங்கி, அவற்றை லினக்ஸ் அழைப்புகளாக மாற்றிக் கொடுப்பதே அதன் வேலை. விண்டோஸ் உரிமம் வேண்டாம். பெரிதாக வேகமும் குறையாது. 'டிரைவ் சி' என்ற சாதாரணக் கோப்புறையையே சி டிரைவ் என்று மென்பொருளை நம்பவைக்கும் சாமர்த்தியமும் அதற்கு உண்டு. ஆனால் யுஎஸ்பி டாங்கிள் செருகினால்தான் திறக்கும் டிசைன் மென்பொருளிடம் பெரும்பாலும் தோற்றுப்போகும். டாங்கிளின் டிரைவர் விண்டோஸின் உட்கருவுக்குள் உட்கார வேண்டியது; வைனிடம் அந்த உட்கரு இல்லை.

மிஞ்சிய வழி வர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மெய்நிகர் கணினி. வீட்டுக்குள் இன்னொரு தறி இறக்குவது போன்றது இது, இடம் வேண்டும். அதற்குள் நிறுவும் விண்டோஸ் 11-க்கு மட்டுமே 4 ஜிபி ரேம் தேவை என்பதால், மடிக்கணினியில் 8 ஜிபியாவது இருந்தால்தான் இரண்டும் மூச்சுவிடும். வணிகவியல் மாணவருக்கு வேண்டிய டேலிபிரைம் இப்படி ஓடும். அதன் கல்விப் பயன்முறைக்கு உரிமம் வாங்க வேண்டாம், ஆனால் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே பதிவு போடலாம். அதைத் தாங்கும் விண்டோஸுக்குத்தான் தனி உரிமம் வாங்க வேண்டியிருக்கும்.