நம் மலையில் ஒரு கோதுமைக் காவல்

நெல்லும் பட்டும் நம் ஊருக்குச் சொந்தம். காஞ்சித் தெருக்களில் பாவு நீட்டிப் போடும் கஞ்சியும் அரிசிக் கஞ்சியே. ஆகவே கோதுமை என்றதும் நாம் பஞ்சாபை நினைக்கிறோம். ஆயினும் காலையில் உப்புமா, இரவில் சப்பாத்தி, ஆலயத்தில் திருப்பலி அப்பம் என்று கோதுமை நம்மை விடுவதில்லை. (அந்த அப்பம் கோதுமை மாவினால் மட்டுமே செய்யப்பட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம்.)

கோதுமை எல்லாம் ஒன்றல்ல. சப்பாத்திக்கும் ரொட்டிக்கும் உரிய கோதுமையின் மாவைப் பிசைந்தால் பசையம் உண்டாகி இழுபடும். பரோட்டா மாஸ்டரின் வீச்சுக்குக் காரணம் அதுவே. டியூரம் கோதுமையின் மணி கடினமானது. சேமியாவுக்கும் மக்ரோனிக்கும் ஏற்றது. மூன்றாவது சம்பா கோதுமை. போரடித்தாலும் இதன் உமி நீங்காது. நெல்லைப் போலக் குத்தித்தான் எடுக்க வேண்டும். ரவையாக உடைத்துச் சமைத்தால் குழையாமல் உதிரியாக வேகும். சர்க்கரை நோயுள்ள பாட்டிமார் இதைத் தேடி வாங்குவார்கள். மெதுவாகச் செரிப்பது உண்மைதான். ஆனால் இரண்டாம் தட்டு வைத்துக்கொண்டால் சம்பாவும் சர்க்கரையைக் கூட்டவே செய்யும். இதைப் பாட்டிகளிடம் யார் சொல்வது?

இந்தச் சம்பா நம் நீலகிரியில் நெடுங்காலமாக விளைந்து வருகிறது. சென்ற ஆண்டு உதகைச் சுற்றுலாவின்போது நாங்கள் குன்னூரை அடுத்த வெலிங்டனைக் கடந்தோம். தேயிலையை மட்டுமே பார்த்தோம். பார்க்கத் தவறியது அங்குள்ள கோதுமை ஆராய்ச்சி நிலையத்தை!

கோதுமைக்குப் பெரும் பகை துரு நோய். இரும்பில் துரு ஏறுவது போலத் தண்டிலும் இலையிலும் பூஞ்சை படிந்து, மணியைச் சாவியாக்கிவிடும். வடநாட்டுச் சமவெளியில் கோடை வெயில் அப்பூஞ்சையைக் கொன்றுவிடுகிறது. பின் அடுத்த ஆண்டு அது எங்கிருந்து வருகிறது? ஆக்ராவில் ஆராய்ந்த கே. சி. மேத்தா என்னும் அறிஞர் மலைகளைக் காட்டினார். நீலகிரி, பழனி மலைகளின் குளிர்ச்சியில் தண்டுத் துரு ஆண்டு முழுவதும் உயிரோடிருக்கிறது. நவம்பர் மாதப் புயல்கள் அதன் வித்துத் தூளை மத்திய இந்தியா வரை சுமந்து சென்று, மழையோடு வயல்களில் இறக்குகின்றன என்று பின்வந்தோர் கண்டனர். நமக்குப் பள்ளி விடுமுறை தரும் அதே புயல்கள்தாம்!

ஆகவேதான் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் 1954இல் வெலிங்டனில் அந்நிலையத்தைத் தொடங்கியது. அங்கே துருவை விரட்டுவதில்லை, வரவேற்கிறார்கள்! பிற மாநிலங்களில் உருவாகும் புதிய கோதுமைகளை விதைத்து, துரு தாராளமாகத் தாக்கும்படி விட்டுவிடுகிறார்கள். வாடியவை கழிக்கப்படும், தாங்கி நின்றவை தேர்ந்தெடுக்கப்படும். காற்றில் சாயும் பழைய நெட்டைச் சம்பாவுக்கு மாற்றாக, நீலகிரி கப்ளி என்னும் குட்டைச் சம்பாவையும் இந்நிலையம் தந்துள்ளது. கோடையிலும் அங்கே கோதுமை விளைவதால், வடக்கில் ஆண்டுக்கு ஒரு தலைமுறை வளர்ப்பவர்கள் விதையை இங்கே அனுப்பி இரண்டாவதையும் வளர்த்துக்கொள்கிறார்கள்.