உறுப்பும் பொருத்தமும்

விளையாட்டுக் கணினியின் உறுப்புகளைத் தனித்தனியே தெரிந்து வாங்கித் தாமே பூட்டும் ஆர்வத்தை அட்டன், நுவரெலியாப் பகுதி மாணாக்கர் சிலரிடத்துக் காண்கிறேன். அவர்க்கு நான் இலக்கணத்தையே நினைவூட்டுவது வழக்கம். ‘கல்’லும் ‘தூணு’ம் புணருங்கால் எழுத்துத் திரிந்து ‘கற்றூண்’ ஆகும், சொற்கள் விட்டுக்கொடுக்கும். கணினி உறுப்புகளோ விட்டுக்கொடா.

2022ஆம் ஆண்டு ஏ.எம்.டி. நிறுவனம் வெளியிட்ட ஏ.எம்.5 வகைப் புரோசசருக்குரிய மதர்போர்ட்டில் டி.டி.ஆர்.5 ராம் மட்டுமே பொருந்தும். பழைய டி.டி.ஆர்.4 ராமின் வெட்டு வேறிடத்தில் இருத்தலின், அது நுழையவும் மாட்டாது. கிராபிக்ஸ் கார்ட் மிக நீண்டதாயின் பெட்டி இடங்கொடாது. பவர் சப்ளையின் வலு குறைந்ததாயின், விளையாட்டு உச்சமடையும் வேளையிற் கணினி அணைந்துவிடும்.

ஆதலின், ஆட விரும்பும் விளையாட்டு யாதென முதலில் தெளிக. அதற்கேற்ற கிராபிக்ஸ் கார்ட், புரோசசர், அவற்றைத் தாங்கும் ஏனைய உறுப்புகள் என நிரலாகத் தாளில் எழுதி ஒப்புநோக்குக. அதன் பின்னரே பணத்தோடு கொழும்புக்குப் புறப்படுக.

தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 2021ஆம் ஆண்டு 1,000 ரூபாயாக உயர்வதற்கே நெடும்போராட்டம் வேண்டியிருந்தது. பொருந்தாத ஓர் உறுப்பு, கொழுந்து பறிக்கும் தாயொருத்தியின் பல நாள் உழைப்பை விழுங்கிவிடும். விலை உயர்ந்ததன்று, பொருந்துவதே சிறந்தது.