கொக்கி அறுந்த சங்கிலியும் கொரியா போன தங்கையும்



பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். இந்தப் பகுதிக்கு இதுவரை இரண்டு சமையல் குறிப்பு எழுதியதோடு சரி. சென்ற மாதம் ஒரு சகோதரி, மகளை வெளிநாட்டில் படிக்க அனுப்பலாமா, பயமாக இருக்கிறது என்று கேட்டிருந்தார். அதைப் படித்ததிலிருந்து கை பரபரக்கிறது. யோசனை சொல்லும் அளவுக்கு நான் பெரியவள் இல்லை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஸ்ரீபெரும்புதூர். முன்பெல்லாம் ராமானுஜர் அவதரித்த ஊர் என்பார்கள். 1991க்குப் பிறகு ராஜீவ் காந்தி உயிரிழந்த ஊர் என்றார்கள். இப்போது கேட்டால் கம்பெனி வேன் ஓடுகிற ஊர் என்றுதான் சொல்லணும். ஹூண்டாய் கம்பெனி 1996ல் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998ல் முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. அதன் பின்னாலேயே உதிரி பாகம் செய்கிற கொரியக் கம்பெனிகள் வந்தன. பிறகு ஒரகடம் பக்கமும் தொழிற்சாலைகள் நிரம்பின. என் கணவர் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். கடைத்தெருவில் கொரிய எழுத்தில் போர்டு வைத்த ஓட்டல், மளிகைக் கடை எல்லாம் உண்டு. வட்டமும் கோடுமாக இருக்கும் அந்த எழுத்தை நாங்கள் கோலம் மாதிரி பார்த்துவிட்டுப் போவோம்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். 2019ல் எங்கள் மாடி போர்ஷன் காலியாக இருந்தபோது புரோக்கர் ஒரு கொரியக் குடும்பத்தை அழைத்து வந்தார். நாங்கள் கேட்டதற்கு மேலேயே வாடகை தருவதாகச் சொன்னார்கள். ஆனால் என் மாமியார், "கருவாடும் கடல்பாசியும் வேக வைப்பாங்கடீ, வீடே நாறிடும், வேண்டாம்" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான், பழியை மட்டும் அத்தை மேல் போடக் கூடாது. அந்த அம்மா வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையையும் சேர்த்து வைத்துக் கொண்டு, குனிந்து நின்றிருந்தார். "எங்க சொந்தக்காரங்க வராங்க" என்று பொய் சொல்லி அனுப்பி விட்டேன். ஒரு வாரம் கழித்து அந்த வீட்டை ஒரு மெக்கானிக் பையனுக்கு விட்டோம்.

இப்போது என் தங்கை கதைக்கு வருகிறேன். எங்கள் பிறந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர். எனக்குக் கல்யாணம் ஆனபோது அவள் ஸ்கூல் யூனிபார்மில் இருந்தாள். அப்பா இல்லை. எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்து விட்டு, கொரியாவில் தேஜன் நகரத்தில் ஒரு பேராசிரியரிடம் பி.எச்டி. செய்ய இடம் வாங்கிவிட்டாள். மாதாமாதம் உதவித்தொகை உண்டு. ஆனால் விமான டிக்கெட், விசா, வங்கியில் காட்ட வேண்டிய பணம், போன புதிதில் வீட்டுக்கு அட்வான்ஸ் எல்லாம் நம் கையிலிருந்துதான். அம்மாவோ "இருபத்தஞ்சு வயசாச்சு, கல்யாணத்தைப் பண்ணாம கண்காணாத தேசத்துக்கா?" என்று ஒரே அழுகை.

என் கணவரிடம் மட்டும் சொல்லிவிட்டு, அம்மா வீட்டில் போட்ட ஆறு சவரன் இரட்டை வடச் சங்கிலியை அடகு வைத்து ஒன்றரை லட்சம் வாங்கிக் கொடுத்தேன். அத்தையிடம் "கொக்கி அறுந்து போச்சு, ஆசாரிகிட்ட குடுத்திருக்கேன்" என்றேன். கொரியாவில் படிப்பு மார்ச்சிலும் செப்டம்பரிலும் தொடங்கும். 2022 பிப்ரவரிக் கடைசியில், தோசை மிளகாய்ப் பொடியும் புளிக்காய்ச்சலும் சுமந்து கொண்டு தங்கை கிளம்பினாள்.

போன புதிதில் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. போய்ச் சேர்ந்த 90 நாளுக்குள் வெளிநாட்டவர் என்று பதிவு செய்து அடையாள அட்டை வாங்கியாக வேண்டும். அது வரும்வரை பேங்க் கணக்கு, போன் எல்லாமே இழுபறி. மருத்துவக் காப்பீடு மாணவர்களுக்கும் 2021 மார்ச் முதல் கட்டாயம், மாசம் பிறந்தால் அதற்குப் பணம் கட்ட வேண்டும். குப்பையைக்கூடப் பிரித்துப் பிரித்துப் போட வேண்டுமாம், சாப்பாட்டுக் கழிவு தனி, பிளாஸ்டிக் தனி. (நம் தெருவில் பச்சைக் கூடை, நீலக் கூடை கொடுத்ததில் நாம் துணி ஊற வைத்தது ஞாபகம் வந்தது!)

பெரிய கஷ்டம் சாப்பாடு. எங்கள் அம்மா வீட்டில் சுத்த சைவம். அங்கே வெறும் முட்டைக்கோஸ் ஊறுகாய் என்று நினைத்து எடுத்தால் அந்த கிம்ச்சியிலும் மீன் சாறோ இறால் உப்போ இருக்கும். ஆஸ்டலில் சமைக்கக் கூடாது என்று ஒற்றை அறை வீடு எடுத்தாள். கடன் வாங்கிய பணத்தில் பாதி அந்த அட்வான்சுக்கே போயிற்று. ஒரு நாள் ரசத்துக்குக் கடுகு, பெருங்காயம் தாளித்திருக்கிறாள். பக்கத்து அறைப் பெண் கதவைத் தட்டி, மூக்கைப் பொத்திக் கொண்டு ஏதோ சொன்னாளாம். "என்ன சொன்னான்னு புரியலைக்கா, ஆனா புரிஞ்சுது" என்றாள். போனில் எனக்கு வாயே வரவில்லை. வாசலில் குனிந்து நின்ற அந்த அம்மாதான் கண்ணில் வந்தார்.

அந்த ஆகஸ்டில் அதே புரோக்கர் வந்து, இரண்டு தெரு தள்ளி குடியிருக்கும் வேறொரு கொரியப் பெண்ணுக்கு வீட்டு வேலைக்காரம்மாவிடமும் காய்கறிக்காரரிடமும் பேசுகிற அளவு தமிழ் சொல்லித் தர ஆள் வேண்டும் என்றார். மாசம் மூவாயிரம். "நான் டீச்சர் இல்லீங்களே" என்றேன். "காலேஜ் படிச்சவங்க இலக்கணத் தமிழ் சொல்லித் தராங்களாம். கத்தரிக்காய் வாங்கத் தெரிஞ்சவங்கதான் வேணுமாம்" என்றார். பாவம் பார்த்தா, பணத்துக்காகவா என்று கேட்டால், இரண்டுக்கும்தான். சங்கிலிக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது.

வாரம் மூன்று நாள் வகுப்பு. அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். முதல் நாளே எழுந்து நின்று, குனிந்து, "சொன்செங்நிம்" என்றார். டீச்சர் என்று அர்த்தம். என் வாழ்க்கையில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன், அவர் மூன்று நாள் என்னை மிஸ், மிஸ் என்று கேலி செய்தார்.

முதல் வாரம் ஒரு கூத்து. நான் எது சொன்னாலும் "நே, நே" என்றே சொன்னார். புரியவில்லை என்கிறாராக்கும் என்று ஒவ்வொன்றையும் ஐந்து தடவை கத்தினேன். பிறகுதான் தெரிந்தது, "நே" என்றால் ஆமாம்!

கற்றுக் கொடுக்கப் போய் நானும் கற்றுக் கொண்டேன். அவர்கள் மொழியிலும் அம்மாவுக்கு "ஓம்மா", அப்பாவுக்கு "ஆப்பா", நாளுக்கு "நால்", புல்லுக்கு "புல்", வா என்பதற்கு "வா". நம்மைப் போலவே வினைச்சொல் கடைசியில்தான் வரும். ஹல்பர்ட் என்கிற அமெரிக்கர் 1905லேயே இரண்டையும் ஒப்பிட்டுப் புத்தகம் போட்டிருக்கிறார். மொழி ஆராய்ச்சிக்காரர்கள் சொந்தம் என்று ஒப்புக் கொள்ளவில்லை என்று தங்கை சொன்னாள். எனக்கென்னவோ சம்பந்தி வீட்டு மொழி மாதிரி இருக்கிறது. அவர்கள் எழுத்தை 1446ல் செஜோங் என்கிற ராஜா, சாதாரண ஜனங்களும் படிக்கட்டும் என்று வெளியிட்டாராம். இருபத்து நாலே எழுத்துதான். ஒரு வாரத்தில் கடைத்தெரு போர்டெல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன். அர்த்தம் தெரியாவிட்டாலும் பெருமைக்குக் குறைவில்லை.

இன்னொன்றும் ரசித்தேன். அங்கேயும் பெண்களைப் பிள்ளை பேரைச் சொல்லி "இன்னார் ஓம்மா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அக்காவை "ஒன்னி" என்பார்கள். பிள்ளை பெற்றவளுக்கு நாம் பூண்டுக் குழம்பு வைக்கிற மாதிரி அவர்கள் கடல்பாசி சூப் கொடுப்பார்கள். பிறந்த நாளுக்கும் அதே சூப்தான், பெற்றவள் பட்ட கஷ்டத்தை நினைக்கவாம். வயசு கேட்காமல் பேச்சே தொடங்க மாட்டார்கள். பெரியவர், சின்னவர் என்பதைப் பொறுத்து வார்த்தையின் வாலே மாறும், நம் நீ, நீங்க போல, அதைவிடக் கூடுதலாக.

2023 ஜனவரியில் ஒரு ராத்திரி தங்கை போன். நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேரம் வித்தியாசம். அங்கே நடுநிசி தாண்டி இரண்டு மணி. வெளியே மைனஸ் பத்துக்கும் கீழே குளிர். மூன்று நாளாகக் காய்ச்சல், வெறும் பிரெட். நாலு மாதமாகச் செய்த பரிசோதனை பிசகிவிட்டது. ஆய்வகக் கூட்டத்தில் எல்லோரும் கொரிய மொழியில் பேச, இவள் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். "அக்கா, நான் வந்துடட்டுமா?" என்று கேட்டாள்.

சகோதரிகளே, இங்கேதான் உண்மையைச் சொல்லணும். "வந்துடுடீ கண்ணு" என்று நாக்கு நுனி வரை வந்தது. அதே நிமிஷம் சங்கிலியும் ஞாபகம் வந்தது. இவள் பாதியில் வந்தால் ஒன்றரை லட்சத்தை எப்படி மீட்பேன், அத்தைக்கு என்ன சொல்வேன்? சரி, "இருந்து படி" என்று சொன்னால் அது அவள் நல்லதுக்கா, என் நகைக்கா என்று எனக்கே தெரியவில்லை. "நாளைக்குப் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். அந்த ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

மறுநாள் வகுப்பில் என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த ஒன்னி என்ன என்று கேட்டார். பாதித் தமிழ், பாதி இங்கிலீஷ், மீதிக்கு போனில் இருக்கும் மொழிபெயர்ப்பு என்று விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். இந்த ஊருக்கு வந்த முதல் மாதம் அவரும் இரண்டு தரம் பெட்டி கட்டினாராம். கரண்ட் போச்சு, தண்ணி லாரி வரலை, எந்தக் கடையிலும் என்ன கேட்கணும் என்று தெரியவில்லை. "தைரியத்துல இருந்தீங்களா?" என்று கேட்டேன். "தைரியம் இல்லை. கொரியாவுல வீடு வாடகைக்கு விட்டாச்சு. போக வீடு இல்லை" என்றார்! எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் சங்கிலி மாதிரி அவருக்கு ஒரு வீடு.

பிறகு ஒரு தாளை எடுத்து முத்து முத்தாக எழுதினார். இறைச்சி வேண்டாம் என்பதற்கு "கோகி ப்பெ ஜுசேயோ", மீன் சாறு உண்டா என்று கேட்பது எப்படி, எந்தெந்தப் பலகாரம் பயமில்லாமல் சாப்பிடலாம் என்று ஒரு பட்டியல். பூசணிக்காய்க் கஞ்சி, நல்லெண்ணெய் ஊற்றிய பசலைக் கீரை, முளைகட்டிய சோயா, டோபு. புத்தர் கோயில் சாப்பாடு என்று ஒரு வகை உண்டாம், அதில் மாமிசம் மட்டுமல்ல, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. விசா பற்றிச் சந்தேகம் என்றால் வெளிநாட்டவருக்காக 1345 என்ற எண்ணில் பல மொழிகளில் பேசுவார்கள், அதையும் எழுதினார். தாளைப் போட்டோ எடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன்.

அன்று ராத்திரி அவளிடம் சங்கிலியைப் பற்றியும் சொல்லிவிட்டேன். அடகு வைத்தது அவளுக்கு அதுவரை தெரியாது. "இது என் மனசுல இருக்கு, அதனால என் பேச்சை நம்பாதே, உனக்கு எது சரியோ செய். வந்தா அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்" என்றேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். "காய்ச்சல் விடட்டும்க்கா" என்றாள். காய்ச்சல் விட்டது. பூசணிக் கஞ்சி கிடைத்தது. பிப்ரவரியும் போயிற்று. வருகிறேன் என்று பிறகு அவள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

2024லிருந்து அவளே முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஆய்வக வகுப்பு எடுக்கிறாள். முதல் நாள் "புரிஞ்சுதா?" என்று கேட்டதற்கு எல்லோரும் "நே". சந்தேகம் உண்டா என்றால் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. சரியாகச் சொல்லித் தரவில்லையோ என்று கலங்கிவிட்டாள். வகுப்பு முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து, இரண்டு கையாலும் நோட்டை நீட்டிக் கேட்டார்களாம். நாலு பேர் எதிரில் கேட்கக் கூச்சம், அவ்வளவுதான். சனிக்கிழமைகளில் அங்குள்ள நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு அ, ஆ சொல்லித் தருகிறாள். காசு வாங்குவதில்லை, மாணவர் விசாவில் அனுமதி வாங்காமல் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. சாம்பார் சாதம் கிடைக்கிறது, அது போதும் என்கிறாள்.

அந்த ஒன்னியின் கணவருக்கு 2024 டிசம்பரில் ஊருக்கே மாற்றல் வந்துவிட்டது. கடைசி வகுப்பில், கிளம்பும்போது தமிழில் என்ன சொல்லணும் என்று கேட்டார். போறேன்னு சொல்லக் கூடாது, "போயிட்டு வரேன்" என்று சொல்லணும் என்றேன். கண்ணை அகல விரித்தார். அவர்களும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது "கத்தா ஒல்கேயோ" என்பார்களாம். போய்விட்டு வருகிறேன் என்றே அர்த்தம். இரண்டு பேரும் மாறி மாறி அதையே சொல்லிக் கொண்டு வாசலில் நின்றோம்.

சங்கிலியை அதே வருஷம் தீபாவளிக்கு முன்னால் மீட்டுவிட்டேன். தங்கை அனுப்பியது பாதி, என் டியூஷன் காசு பாதி. கழுத்தில் போட்டுக் கொண்டு அடுப்படியில் நின்றேன். அத்தை ஒரு பார்வை பார்த்தார். "கொக்கி வைக்க ஆசாரிக்கு ரெண்டரை வருஷமாடீ?" என்றார். பிறகு, "சின்னவ நல்லா இருக்காளா?" என்று கேட்டுவிட்டு வெங்காயத்தை நறுக்கத் தொடங்கினார். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்க எனக்கு இன்னமும் தைரியம் வரவில்லை.

இப்போது மாடி மறுபடி காலி. புரோக்கர் ஒரு கொரியக் குடும்பத்தைச் சொல்லியிருக்கிறார். கைக்குழந்தை வேறு உண்டாம். அத்தையிடம் கேட்டேன். "ஜன்னலைத் திறந்து வெச்சு சமைக்கச் சொல்லு" என்றார். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார்கள். மாடிக் குழாய் ஒழுகுகிறது, அதற்குள் பிளம்பரைப் பிடிக்க வேண்டும்.

- ஒரு வாசகி, ஸ்ரீபெரும்புதூர்