வீட்டிலேயே பழைய கார் இன்ஜினை 3டி-யில் வரையப் போறீங்களா? இஎம்ஐ போடறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க

எஸ்ஐபி, வரி, சம்பளம்னு பேசுற இடத்துல இன்ஜின் எதுக்குன்னு தோணலாம். காரணம் இருக்கு. "கேட் சாஃப்ட்வேர் கத்துக்கிட்டு, மார்க்கெட்ல கிடைக்காத பழைய கார் பார்ட்டை வீட்டிலேயே டிசைன் பண்ணலாம்னு இருக்கேன். நல்ல லேப்டாப்பும் ஒரு 3டி பிரிண்டரும் இஎம்ஐ-ல எடுக்கலாமா? சைடு இன்கம் வருமில்ல?" இந்த மாதிரி கேள்வி இப்போ என்கிட்ட அடிக்கடி வருது. பெரும்பாலும் 25, 28 வயசுக்காரங்க. வீட்ல தாத்தாவோட அம்பாசடரோ பத்மினியோ நிக்குது, இல்லைன்னா நின்னுட்டிருந்தது.

என் பதில் இதுதான். தாராளமா கத்துக்கோங்க. இஎம்ஐ இப்போ வேண்டாம். சைடு இன்கம் பத்தி முடிவெடுக்கறதுக்கு முன்னாடி மட்டும் ரெண்டு கணக்கு பார்த்துடணும். ஒண்ணு, எத்தனையாவது பீஸ்ல காசு திரும்பும். இன்னொண்ணு, அந்தக் காசு உங்க சம்பளத்து மேல வந்து உட்கார்ந்தா வரி என்ன ஆகும்.

முதல்ல வேலையைப் பார்ப்போம். அதுல உள்ள சுகம் தெரியாம கணக்கு மட்டும் பேசினா உங்களுக்கும் போரடிக்கும், எனக்கும் போரடிக்கும்.

எக்செல் தெரிஞ்சவங்களுக்கு இது பாதி தெரிஞ்ச வேலை

கேட்-ல பார்ட் வரையறதுன்னா படம் வரையறது இல்லை. எக்செல்-ல ஒரு நல்ல ஷீட் போடற மாதிரி. வட்டம் போடறீங்க, விட்டம் என்னன்னு ஒரு பேர் கொடுத்து வைக்கறீங்க, மத்த அளவெல்லாம் அந்தப் பேரைப் பார்த்து ஓடும். அந்த ஒரு எண்ணை மாத்தினா பிஸ்டன், ரிங் பள்ளம், பின் துளை எல்லாம் சேர்ந்து மாறும். செல் ரெஃபரன்ஸ் கொடுக்காம எண்ணை நேரா டைப் பண்ணி வச்ச ஷீட் என்ன பாடுபடுத்தும்னு ஆபீஸ்ல பார்த்திருப்பீங்க. இங்கேயும் அதே பாடுதான்.

பழகறதுக்கு அம்பாசடரோட 1489 சிசி பெட்ரோல் இன்ஜினை எடுத்துக்கலாம். இங்கிலாந்தோட பிஎம்சி 'பி சீரிஸ்' இன்ஜின் அது. சிலிண்டர் விட்டம் 73.025 மி.மீ., ஸ்ட்ரோக் 88.9 மி.மீ. என்னடா இது, 73-ன்னு வச்சிருக்கக் கூடாதான்னு தோணும். அங்குலத்துல பாருங்க: 2.875, 3.5. அங்குலத்துல யோசிச்சவங்க போட்ட அளவு, அங்கே அது முழு எண் மாதிரி அழகா இருக்கு.

இப்போ டேலி பண்ணிப் பாருங்க. 73.025-ஐ அதே எண்ணால பெருக்கி, 0.7854-ஆல பெருக்கி, 88.9-ஆல பெருக்கி, நாலு சிலிண்டருக்காக 4-ஆல பெருக்குங்க. 14,89,000 கன மி.மீ.-க்குக் கொஞ்சம் மேல வரும், அதாவது 1489 சிசி. பத்மினிக்கு 68-ம் 75-ம் போட்டா 1089 சிசி. நம்ம வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு 63-ம் 76-ம் போட்டா 948 சிசி. இது ட்ரயல் பேலன்ஸ் மாதிரி. டேலி ஆயிட்டா எல்லாமே சரின்னு அர்த்தமில்லை, ஆகலைன்னா எங்கேயோ தப்பு இருக்குன்னு நிச்சயம்.

பிஸ்டன், கனெக்டிங் ராட், கிராங்க் மூணையும் வரைஞ்சு ஒண்ணா கோத்து, மவுஸால கிராங்கைச் சுத்திப் பாருங்க. கிராங்க் பின் நடுவிலிருந்து 44.45 மி.மீ. தள்ளி இருக்கும், அதாவது ஸ்ட்ரோக்ல பாதி. பிஸ்டன் 88.9 மி.மீ. ஏறி இறங்கும். ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்கு இது போதும், பைசா செலவில்லை.

இதுக்கு ஃப்ரீகேட் போதும். முழுக்க இலவசம், அதை வச்சு சம்பாதிச்சாலும் இலவசம். 2024 நவம்பர்ல 1.0 வந்ததுக்கப்புறம் பழகறதும் சுலபமாயிருக்கு. ஆட்டோடெஸ்க் ஃப்யூஷனோட தனிநபர் லைசென்ஸ் கைக்கு இன்னும் வாகா இருக்கும், ஆனா அது பொழுதுபோக்குக்குத்தான், தொழிலுக்கு இல்லை. ஆன்ஷேப் இலவசத் திட்டத்துல நீங்க வரையறது எல்லாருக்கும் தெரியும். "ஆபீஸ்ல சாலிட்வொர்க்ஸ் இருக்கே, அதுலயே ராத்திரி பண்ணிக்கலாமே"ன்னு நினைக்கற ஆட்டோமொபைல் கம்பெனி நண்பர்களே, வேண்டாம். லைசென்ஸ் கம்பெனியோடது. உங்க அப்பாயின்ட்மென்ட் லெட்டர்ல வெளிவேலை பத்தியும், நீங்க உருவாக்குற டிசைன் யாருக்குச் சொந்தம்னும் ஒரு பத்தி இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதை இன்னிக்கே எடுத்துப் படிங்க.

சரி, லேப்டாப்? ஒத்தை ஒத்தையா பார்ட் வரைய இப்போ உங்ககிட்ட இருக்கறது போதும். 90,000 ரூபாய்க்கு புதுசா எடுத்து, 15% வட்டியில 24 மாசம் போட்டா மாசம் சுமார் 4,364 ரூபாய். மொத்தம் கட்டறது ஏறக்குறைய 1,04,700. பதினாலாயிரத்துச் சொச்சம் வட்டி, அதுவும் இன்னும் ஒரு பார்ட் கூட வரையாத பொழுதுபோக்குக்கு! அந்தக் காசுல ஆயிரம் ரூபாய்க்குள்ள ஒரு டிஜிட்டல் வெர்னியர் வாங்குங்க. அதுதான் முதல் செலவு.

நிஜ பார்ட் கையில வரும்போது

தெர்மோஸ்டாட் எல்போன்னு ஒண்ணு உண்டு. ரேடியேட்டர் ஹோஸ் போய் மாட்டுற அலுமினிய வளைவு. பழைய வண்டியில ஹோஸுக்கு அடியில அரிச்சுப் போயிருக்கும். முதல் பார்ட்டுக்கு இதைச் சொல்வேன். உடைஞ்சா தண்ணி ஒழுகும், வண்டியை ஓரங்கட்டலாம். கனெக்டிங் ராட், பிரேக், ஸ்டியரிங் சமாச்சாரத்தை ஸ்கிரீன்ல மட்டும் வச்சுக்கோங்க, அடுத்தவங்க வண்டிக்குப் பண்ணவே வேண்டாம். அங்கே நஷ்டம் ரூபாய்ல வராது.

அரிச்ச பார்ட்டை அளந்தா அரிப்பையும் சேர்த்துத்தான் அளக்கறோம். அதனால நல்லா இருக்கற இடத்தைத் தேடி அளக்கணும், மிச்சத்தை யோசிச்சு எழுதணும். ஃபிளாஞ்ச் வடிவத்துக்கு ஒரு சிக்கன வழி: சாதாரண டாக்குமென்ட் ஸ்கேனர்ல ஒரு ஸ்கேலோட சேர்த்துக் கவுத்து வச்சு ஸ்கேன் பண்ணி, அந்தப் படத்தை கேட்-ல போட்டு அளவு பொருத்திக்கலாம். ரெண்டு துளைக்கு நடுவுல தூரம் வேணும்னா, உள் ஓரத்துக்கு உள் ஓரம் ஒரு தடவை, வெளி ஓரத்துக்கு வெளி ஓரம் ஒரு தடவை அளந்து, கூட்டி ரெண்டால வகுங்க. மையத்துக்கு மையம் சரியா கிடைச்சுடும்.

ஸ்டட்டை அளந்து 7.9-ன்னு வந்தா "8 மி.மீ. தான், தேஞ்சிருக்கு"ன்னு முடிவு பண்ணிடாதீங்க. அம்பாசடர்ல அது 5/16 அங்குலமா இருக்கும், 7.94 மி.மீ. மரையே வேற. எம்8 நட்டு ஏறாது, வலுக்கட்டாயமா ஏத்தினா ஸ்டட்டும் போச்சு.

பிரிண்டர் இங்கேதான் வருது, வாங்க இல்லை, வாடகைக்கு. ஃபைலைக் கொடுத்தா கிராம் கணக்குல பிரிண்ட் போட்டுத் தர்றவங்க இப்போ எல்லா பெரிய ஊர்லயும் இருக்காங்க. ஆனா பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரிக்கே இளக ஆரம்பிச்சுடும், இன்ஜின் தண்ணி 80, 90 டிகிரி. அந்தப் பிரிண்ட் பொருந்துதான்னு பார்க்கறதுக்கும், வார்ப்புக்கு அச்சா வைக்கறதுக்கும்தான். அச்சா வைக்கணும்னா அலுமினியம் ஆறும்போது சுமார் 1.3% சுருங்கும், 100 மி.மீ. எதிர்பார்த்தா 98.7 தான் வரும். அதனால மாடலை 1.013 மடங்கு பெருசாக்கணும், மண்ணிலிருந்து அச்சு சுலபமா வர பக்கங்களுக்கு ஒண்ணு ரெண்டு டிகிரி சாய்வு கொடுக்கணும், மெஷின்ல சீவுற முகத்துக்கு 2 மி.மீ. கூட விடணும். அளவுக்கெல்லாம் பேர் கொடுத்து வச்சிருந்தா இது பத்து நிமிஷ வேலை. இல்லைன்னா திரும்ப முதல்லேர்ந்து வரையணும்.

பார்ட்டே கிடைக்குதான்னு முதல்ல தேடுங்க. பி சீரிஸ் குடும்ப இன்ஜின் எம்ஜிபி கார்லயும் வந்தது. ஹெரால்டுக்கு அண்ணன் இங்கிலாந்தோட ட்ரையம்ஃப் ஹெரால்ட். இதுக்கெல்லாம் அங்கே இன்னும் புது பார்ட் விக்கறாங்க. புதுப்பேட்டையில ஒரு நாள் சுத்தினாலும் பாதி கிடைச்சுடும். இந்தியாவுல மட்டும் வந்த நாலு கதவு ஹெரால்ட் மாதிரி வண்டிகளோட தனி பார்ட்டுகள்தான் நிஜமாவே கிடைக்காதவை. தேவை இருக்கறது அங்கே, ஆனா கேட்கற ஆளும் கொஞ்சம்.

ஆறாவது பீஸ்

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. அளக்க, வரைய, திருத்த 14 மணி நேரம், உங்க நேரத்துக்கு மணிக்கு 300 ரூபாய் வச்சா 4,200. அச்சு பிரிண்ட் 800. முதல் வார்ப்பு சரியா வராம போறதுக்கு 1,200 ஒதுக்குங்க. ஆக ஒரே தடவை வர்ற செலவு 6,200. அதுக்கப்புறம் ஒவ்வொரு பீஸுக்கும் வார்ப்பு 700, லேத், டிரில் வேலை 600, ஆக 1,300. நீங்க விக்கற விலை 2,500-ன்னா ஒரு பீஸ்ல 1,200 மிச்சம். 6,200-ஐ 1,200-ஆல வகுத்தா அஞ்சுக்கு மேல. ஆறாவது பீஸ் வித்த பிறகுதான் முதல் லாபம். ஒண்ணே ஒண்ணு மட்டும் பண்ணினா அந்த எல்போ உங்களுக்கு 7,500 ரூபாய். தாத்தா வண்டிக்குன்னா அது நியாயமான விலைதான், நான் குறை சொல்ல மாட்டேன். வியாபாரம்னா ஆறு பேர் பேரை எழுதி வச்சுக்கிட்டு அப்புறம் ஃபவுண்டரிக்குப் போங்க.

"என் நேரத்துக்கு எதுக்கு விலை, சும்மாதானே இருக்கேன்"னு சொல்றவங்களுக்கு: சரி, எடுத்துடுங்க. ஆனா வித்தா மட்டும் திரும்பப் போடுங்க. இல்லைன்னா இலவச உழைப்பை லாபம்னு நினைச்சுப்பீங்க.

சம்பளத்து மேல இது வந்து உட்கார்ந்தா

2025-26 நிதியாண்டு, புது வரி முறை. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் போக உங்க சம்பள வருமானம் 11,90,000-ன்னு வச்சுக்கோங்க. 12 லட்சம் வரைக்கும் தள்ளுபடி இருக்கறதால வரி பூஜ்யம். இப்போ கேட் டிசைன் வேலை பண்ணிக் கொடுத்து 40,000 வாங்கறீங்க. 44ஏடிஏ-ன்னு நமக்குப் பழகின அனுமான முறையில பாதி, அதாவது 20,000, உங்க லாபம்னு கணக்கு. மொத்தம் 12,10,000. மார்ஜினல் ரிலீஃப் இருக்கறதால 12 லட்சத்துக்கு மேல உள்ள 10,000-மே வரி, செஸ் சேர்த்து 10,400. வாங்கின 40,000-ல கால்வாசிக்கு மேல போச்சு. அதே வேலைக்குப் பணம் அடுத்த ஏப்ரல்ல வந்து, அந்த வருஷமும் நீங்க கோட்டுக்குக் கீழேயே நல்லா தள்ளி இருந்தா ஒண்ணும் போகாது. பில் போடற தேதியை யோசிக்கறது தப்பில்லை, மார்ச்ல முடிச்ச வேலையை மறைக்கறதுதான் தப்பு.

டிசைன் வேலைக்குத்தான் 50%. பார்ட் செஞ்சு விக்கறது வியாபாரம், அங்கே 44ஏடி முறையில 8%, பேங்க் மூலமா வந்த தொகைக்கு 6%. புது வருமான வரிச் சட்டத்துல பிரிவு எண் மாறியிருக்கும், கணக்கு இதுதான். ரெண்டுலயும் வெர்னியர், பிரிண்டர்னு தனியா செலவு காட்ட முடியாது.

தொழில் வருமானம்னு ஒரு வரி வந்துட்டா ஐடிஆர்-1 போட முடியாது, ஐடிஆர்-4 அல்லது 3. பலரும் கவனிக்காத இன்னொண்ணு, பழைய முறையில இருக்கறவங்களுக்கு. வெறும் சம்பளக்காரர் வருஷா வருஷம் பழசு, புதுசுன்னு மாத்திக்கலாம். தொழில் வருமானம் இருக்கறவங்க பழைய முறைக்குப் போயிட்டு ஒரு தடவை புதுசுக்குத் திரும்பினா, அந்த வருமானம் இருக்கற வரைக்கும் மறுபடி பழசுக்குப் போக முடியாது. வீட்டுக் கடன், வாடகைன்னு பெரிய கழிவு எடுக்கறவங்களுக்கு ரெண்டு எல்போ வித்த காசு இந்தக் கதவை மூடிடும்.

ஜிஎஸ்டி-ல டிசைன் சேவைக்கு வருஷம் 20 லட்சம் வரைக்கும் பதிவு வேண்டாம், வேற மாநிலத்து வாடிக்கையாளரா இருந்தாலும் சரி. ஆனா பார்ட் சரக்கு. தமிழ்நாட்டுக்குள்ள வித்தா 40 லட்சம் வரைக்கும் பதிவு வேண்டாம். அதே எல்போவை பெங்களூருக்கு ஒருத்தருக்கு வித்து கூரியர்ல அனுப்பினா, முதல் பீஸ்லேர்ந்தே பதிவு கட்டாயம். அதனால வெளி மாநிலத்துலேர்ந்து ஆர்டர் வந்தா டிசைன் வேலையை மட்டும் எடுங்க, வார்ப்பை அவங்க ஊர் ஃபவுண்டரியில அவங்களே போட்டுக்கட்டும். பில்லில் "டிசைன் கட்டணம்"னு எழுதி, ஃபைலை மெயில்ல அனுப்புங்க.