சூரியன் விலகினால் காய்ச்சல் வருமா?

“பூமி சூரியனை விட்டு விலகிவிட்டது. வழக்கமான 9 கோடி கிலோமீட்டர் இப்போது 15 கோடியாகிவிட்டது. ஆகஸ்டு வரை குளிரும், காய்ச்சலும் வரும்.” இப்படியொரு செய்தி அண்மைய ஆண்டுகளில் புலனத்தில் சுற்றி வந்தது. கெடா தோட்டப்புறங்களில் பெரியவர்கள் இதை நம்பிவிடக்கூடாது என்பதற்காகவே இந்த விளக்கம்.

பூமியின் பாதை சரியான வட்டமல்ல, சற்றே நீள்வட்டம். ஜனவரித் தொடக்கத்தில் சூரியனுக்கும் நமக்கும் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலைத் தொடக்கத்தில் 15.2 கோடி. வித்தியாசம் 50 லட்சம்தான், அதாவது நூற்றுக்கு மூன்று பங்கு. பூமி 9 கோடிக்கு வருவதே இல்லை.

அருகே வரும்போது பூமி வேகமாக ஓடும், விலகும்போது மெதுவாகச் செல்லும். ஜெர்மானிய அறிஞர் கெப்ளர் 1609-இல் இதை வெளியிட்டார். நம் வீட்டு நாள்காட்டியைப் பாருங்கள். சூரியன் ஒரு ராசியைக் கடக்கும் காலமே தமிழ் மாதம். மார்கழிக்கு 29 அல்லது 30 நாள், ஆனிக்கு 31 அல்லது 32 நாள். காரணம் இந்த வேக மாற்றமே.

விலகினால் குளிருமா? உலகின் சராசரி வெப்பம் ஜூலையில்தான் அதிகம். பூமியின் வட பாதியில் நிலப்பரப்பு மிகுதி. நிலம் கடலைவிட விரைவில் சூடேறும். சுங்கைப்பட்டாணியிலோ கூலிமிலோ உடல் சில்லிட்டால் அது மழையாலும் மேகத்தாலும்தான்.

ஆகவே வீட்டில் யாருக்காவது காய்ச்சல் கண்டால் சூரியன்மேல் பழி போட்டுக் காத்திருக்காதீர்கள். அது டிங்கியாகவும் இருக்கலாம். உடனே கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள்.