வெள்ளைப்பூண்டும் தேகாரோக்கியமும்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தை அடுத்துள்ள பழையசீவரத்திலும் அதன் சுற்றுப்புறக் கிராமங்களிலும் வெள்ளைப்பூண்டு புழங்காத அடுக்களைகள் சிலவே. ரசத்திற்குத் தட்டிப் போடுவதும், காரக்குழம்பில் உரித்துப் போடுவதும், பிள்ளை பெற்றவளுக்குப் பாலில் வேகவைத்துக் கொடுப்பதும் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் வழக்கங்களாம். இவற்றைப் பற்றி ஒருவருக்கும் புதிதாகப் போதிக்க வேண்டுவதில்லை. ஆனால் அண்மைக்காலத்தில் வேறொரு பேச்சுப் பரவியிருக்கிறது. தினந்தோறும் நாலு பல் பூண்டு தின்றால் ரத்தக் கொதிப்பு தானே தணிந்துவிடும், மாத்திரை அவசியமில்லை என்பதே அப்பேச்சு. இதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடுவோரும் உண்டு. ஆதலால், பூண்டினால் உண்மையில் விளையும் நன்மை எவ்வளவு, அந்நன்மை எதனால் உண்டாகிறது என்பதைச் சங்கத்து அங்கத்தினர்கள் தெரிந்துகொள்வது நலம்.

பூண்டை மருந்தாகப் போற்றுதல் மிகப் பழைய வழக்கம். 1890-ஆம் வருஷத்தில் மத்திய ஆசியாவிலுள்ள குச்சா என்னும் ஊரில் பௌவர் என்னும் படை அதிகாரிக்குக் கிடைத்த பூர்ஜபத்திரச் சுவடியொன்றில், பூண்டின் குணங்களையும் அதை உட்கொள்ளும் முறைகளையும் விவரிக்கும் சம்ஸ்கிருதப் பகுதி இருக்கிறது. சுமார் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்டதாகக் கருதப்படும் அச்சுவடி இன்று இங்கிலாந்து தேசத்தில் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை நூல்நிலையத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. நம் நாட்டுச் சித்த வைத்தியர்களும் உள்ளி, வெள்ளுள்ளி என்னும் பெயர்களால் இதைப் பல மருந்துகளில் சேர்த்து வருகின்றனர்.

இனி, அதன் சக்தி எங்கே இருக்கிறது என்பதைக் கவனிப்போம். உரித்த பூண்டுப் பல்லை முகர்ந்து பார்த்தால் வாசனை சொற்பமே. அதையே அம்மியில் வைத்து நசுக்கினால் மறுகணமே காரநெடி மூக்கைத் துளைக்கிறது. காரணம் யாதெனில், பல்லினுள் அல்லியின் என்னும் கந்தகச் சத்து ஓர் அறையிலும், அதை மாற்றவல்ல அல்லினேஸ் என்னும் நொதி வேறோர் அறையிலும் தனித்தனியே அடங்கியுள்ளன. நசுக்கும்போது அறைச்சுவர்கள் உடைந்து இரண்டும் கலந்து, அல்லிசின் என்னும் புதிய பொருள் உண்டாகிறது. நெடியும் காரமும் இதனுடையவையே. 1944-ல் அமெரிக்காவில் காவலிட்டோ, பெய்லி என்னும் இரு ரஸாயன நிபுணர்கள் இதைப் பிரித்தெடுத்து, கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கும் ஆற்றல் இதற்கு உண்டென்று காட்டினர்.

அந்த நொதியோ நெருப்புக்கு அஞ்சும் தன்மையது. முழுப் பல்லைக் கொதிக்கும் குழம்பில் இட்டால் நொதி முதலில் அழிந்துவிடும். பிறகு அல்லிசின் உண்டாக வழியில்லை. ஆகவே நசுக்கிய பூண்டைப் பத்து நிமிஷம் அப்படியே விட்டுவைத்து அதன்பின் அடுப்பிலிடுவதே சிறந்த முறை என்று ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர். ரசத்திற்கு மிளகு சீரகத்தோடு பூண்டையும் தட்டிச் சற்று நேரம் ஒதுக்கி வைத்துவிட்டுப் புளியைக் கரைக்கச் செல்லும் பெண்மணிகள், இந்தச் சாஸ்திரத்தைப் படியாமலே அனுஷ்டித்து வருகின்றனர். பாலில் முழுதாக வேகும் பூண்டில் காரம் போய்விடுவதால், உண்பதற்கு எளிதாயினும் சக்தியும் குறைந்துவிடுகிறது. பால் பெற்றவளுக்கு நல்லதே. பூண்டு உண்ட தாயின் பாலில் அதன் வாசனை ஏறுகிறதென்றும், குழந்தைகள் அப்பாலை அதிக நேரம் சப்பிக் குடித்தன என்றும் 1991-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி தெரிவிக்கிறது. பால் சுரப்பு மிகுந்ததாக அதனால் நிரூபணமாகவில்லை.

பூண்டில் புரதமும் சுண்ணாம்பும் இரும்பும் நிறைந்திருப்பதாகச் சிலர் சொல்லுவதுண்டு. நூறு கிராம் பூண்டில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருப்பது மெய்யே. ஆனால் ஒரு பல்லின் எடை 3 முதல் 5 கிராம் வரைதான். நூறு கிராம் பூண்டை ஒரே நாளில் உண்பவர் யார்? புரதத்திற்குப் பருப்பும் இரும்புக்குக் கீரையும் உண்ண வேண்டுமேயன்றிப் பூண்டை நம்புதல் கூடாது.

ரத்தக் கொதிப்பு விஷயத்திற்கு வருவோம். 2008-ல் ஆஸ்திரேலியாவில், முன்பு நடந்த பல பரீக்ஷைகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டனர். கொதிப்பு மிகுந்தவர்களுக்குப் பூண்டினால் மேல் அளவு சராசரியாக 8 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்ததாகத் தெரியவந்தது. இது அலட்சியம் செய்யத்தக்க பலனன்று. எனினும் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். மேல் அளவு 170 உள்ள ஒருவருக்கு 8 குறைந்தால் 162 ஆகும். 140-க்கு மேற்பட்டதெல்லாம் மிகுதியென்றே வைத்தியர்கள் கொள்வதால், அவருடைய அபாயம் நீங்கிற்றில்லை. மேலும் அப்பரீக்ஷைகளில் பெரும்பாலும் கொடுக்கப்பட்டது அளவிட்டுச் செய்த பூண்டுப்பொடி மாத்திரைகளே. குழம்பில் மிதக்கும் பூண்டு அன்று. ரத்தக் கொதிப்பு வெளிக்கு ஒரு குறியும் காட்டாமல் இருந்து, திடீரென்று பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வெளிப்படும். உழுது பாடுபடும் ஒரு குடும்பத்தலைவர் பக்கவாதத்தால் படுத்துவிட்டால், வைத்தியச் செலவும் கடனும் அக்குடும்பத்தை எங்கே கொண்டுபோய் விடும் என்பது சங்கத்தாருக்குத் தெரியாததன்று. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகள் இல்லந்தேடியே வழங்கப்படலாயின. வாயிற்படிக்கு வரும் மருந்தை ஒதுக்கிவிட்டுப் பூண்டை மட்டும் மெல்லுதல் பேதைமை. இரண்டையும் உண்ணத் தடையில்லை.

ரத்தத்திலுள்ள கொழுப்பைக் குறிக்கும் கீர்த்தி இன்னும் சந்தேகத்துக்கிடமானது. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையார் 192 பேரைக் கொண்டு ஆறு மாதம் நடத்தி 2007-ல் வெளியிட்ட பரீக்ஷையில், பச்சைப் பூண்டு உண்டவர்களுக்கும் கெட்ட கொழுப்புக் குறையவில்லை. சளி வராமல் தடுக்கும் என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 146 பேரிடம் நடந்த ஒரே பரீக்ஷை. அதன் முடிவு அனுகூலமானதே, ஆயினும் ஒன்று போதாது. வாயுவைக் கண்டிக்கும் என்று உண்பவரில் சிலருக்கு அதுவே வயிற்றுப் பொருமலை உண்டாக்குவதும் காணலாம்.

பழையசீவரம் லக்ஷ்மி நரசிம்மர் சந்நிதியைச் சார்ந்தோர் உட்படப் பூண்டை விலக்கிய வைஷ்ணவக் குடும்பங்கள் அநேகம். அவர்கள் பூண்டில்லாமையால் எந்த நோய்க்கும் ஆளாகிவிடவில்லை. பெருங்காயம் போட்டுத் திருப்தியாக உண்டு வருகின்றனர்.

சில எச்சரிக்கைகள் அவசியம். ரத்தம் உறையாதிருக்க மருந்துண்பவர்கள் பூண்டை அதிகமாக உட்கொள்ளுமுன் வைத்தியரைக் கேட்கவேண்டும். அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவரும் அவ்வாறே. நசுக்கிய பூண்டைக் குழந்தைகளின் தோலில் வைத்துக் கட்டினால் நெருப்புப் பட்டாற்போல் கொப்புளம் எழும். காதுவலிக்குப் பூண்டெண்ணெய் விடுவதும் கூடாது. செவிப்பறையில் ஓட்டையிருந்தால் கேடு விளையும். பச்சைப் பூண்டை எண்ணெயிலிட்டு அடைத்து வெளியே வைத்திருப்பது எல்லாவற்றிலும் அபாயகரமானது. 1985-ல் கனடாவில் வான்கூவர் நகரத்து உணவுவிடுதியொன்றில் இத்தகைய பூண்டினால் 36 பேர் நரம்பைத் தாக்கும் கொடிய நஞ்சுக்கு ஆளாயினர். காற்றுப்புகாத எண்ணெயில் அந்நஞ்சுக் கிருமி வளர்கிறது. புளிப்பும் உப்பும் நிறைந்த ஊறுகாயில் அது தழைப்பதில்லை.

பூண்டு குளிர்ச்சியை விரும்பும் பயிராதலால் பாலாற்றங்கரையில் செழிக்காது. தமிழ்நாட்டில் நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் பயிராகிறது. கொடைக்கானல் மலைப்பூண்டு புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டி இதற்குப் பெயர்போன சந்தை. விலை ஏறி இறங்கும் பண்டமாகையால், மலிந்த காலத்தில் சங்கத்தின் மூலம் மொத்தமாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்வது இலாபம். வாங்கும்போது கையால் அழுத்திப் பார்த்து, பல் கெட்டியாயும் மேல்தோல் காய்ந்தும் முளைவிடாமலும் இருப்பதையே தெரிந்தெடுக்க வேண்டும். டப்பாவில் மூடி வைத்தால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்; தாளோடு முடிந்தோ வலைப்பையிலிட்டோ காற்றாடும் இடத்தில் தொங்கவிட்டால் சில மாதங்கள் வரை கெடாமலிருக்கும்.