விலை பேசாத வாங்குவோர்

பவானி ஜமக்காளமும் நெகமம் சேலையும் இன்று கைப்பேசி வழியே விலையாகின்றன. இவ்வணிகத்தில் புதிதாக இறங்கும் அங்கத்தினர்கள், விலையே பேசாது மொத்தமாகச் சரக்குக் கேட்போரிடம் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். கூறு காய்க்கும் பேரம் பேசுவதன்றோ நம் சந்தை வழக்கம்!

‘இராணுவ அதிகாரி’ என்று கூறி, அடையாள அட்டையின் படத்தையும் அனுப்பி ஏய்ப்பது நாடெங்கும் நடந்துவரும் மோசடி. சூலூரில் விமானப்படைத் தளம் உள்ள நம் பகுதியில் ஐயம் எழுவதும் அரிது. முன்பணம் தருவதாகச் சொல்லிக் க்யூஆர் கட்டம் ஒன்றை அனுப்புவர். அதை ஸ்கேன் செய்து இரகசிய எண்ணை இட்டால் பணம் வாராது, போய்விடும். 2016-இல் தொடங்கிய யூபிஐ முறையில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் வேண்டியதே இல்லை. அது கொடுப்பவர் இடுவது.

பணம் செலுத்தியதாகக் காட்டும் படத்தை நம்பாது, வங்கிக் கணக்கில் வரவு கண்ட பின்னரே சரக்கை அனுப்புக. ஏமாந்தோர் வெட்கத்தால் நாள் கடத்தலாகாது. 1930 என்னும் எண்ணுக்கு உடனே அறிவித்தால், பணம் கைமாறுமுன் அதை நிறுத்திவைக்க வழியுண்டு.